பங்குனி வரை பொறுக்கலாமா? வேலையை விட நினைக்கும் வசூல் உத்தியோகத்தருக்கு ஒரு பதில்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34. மட்டக்களப்பு நகரில் கிளை வைத்திருக்கும் ஒரு நிதிக் கம்பனியில் வசூல் உத்தியோகத்தர். சேர்ந்து 7 வருடமும் 8 மாதமும் ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 48,000 ரூபாய். பயணப்படியும் கொமிஷனும் சேர்ந்து, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கழிய, கைக்கு 60,000 அளவில் வரும். மனைவி வீட்டில் தைக்கிறார், அதில் மாதம் 9,000 வரை கிடைக்கும். இரண்டு பிள்ளைகள், மாமியும் கூட இருக்கிறார். மோட்டார் சைக்கிள் லீசிங்குக்கும் வங்கிக் கடனுக்கும் மாதம் 25,500 போகிறது. வீட்டுச் செலவு 35,000. சேமிப்பு 85,000.

படுவான்கரைக் கிராமங்களில் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்த கடனை அறவிடுவதுதான் வேலை. “வெள்ளத்தில வேளாண்மை அழிஞ்ச வீட்டு வாசல்ல நின்று தவணை கேட்க எனக்கு இனி ஏலாது, ஐயா. போன கிழமை ஒரு அம்மா ஒன்றும் பேசாமல் காதுப்பூவைக் கழற்றி நீட்டினா. நான் வாங்கவில்லை. அன்று பின்னேரம் வட்ஸ்அப் குழுவில மனேஜர் என்ர பேரைப் போட்டு எல்லாருக்கும் முன்னால கிழிச்சார்” என்று எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வசூல் குறைந்த மாதம் சம்பளத்தில் வெட்டு. இரவில் நித்திரை இல்லை, பிள்ளை சத்தம் போட்டால் கை நீளுகிறது என்றும் எழுதியிருக்கிறார். இந்த மாதச் சம்பளம் விழுந்த அடுத்த நாளே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாம் என்பது அவருடைய திட்டம். மனைவிக்கு இன்னும் தெரியாது.

அவர் நம்பிக்கொண்டிருக்கும் விடயங்கள் நான்கு. தானாக விலகினால் பணிக்கொடை இல்லை. ஈபிஎப் காசு உடனே கைக்கு வரும், அதை வைத்துச் சமாளிக்கலாம். பயிற்சிக்காக எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை மீறினால் பொலிஸ் பிடிக்கும். சாதாரண தர, உயர்தர மூலச் சான்றிதழ்கள் கம்பனியிடம் இருப்பதால் வேறு வேலைக்குப் போக முடியாது. நான்குமே தவறு. அவர் பயப்பட வேண்டிய ஐந்தாவது விடயம் ஒன்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தம்பி, குடும்பம் இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று உங்களுக்கு எழுத மாட்டேன். அந்த வேலையிலிருந்து நீங்கள் வெளியே வரத்தான் வேண்டும். கடன் பட்டவர்களின் வேதனையை உங்கள் தவறுபோலச் சுமக்கிறீர்கள். நுண்கடன் நம் மாவட்டத்துப் பெண்களுக்குச் செய்த கேடு நாடறிந்தது. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்யவும், வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பு வைக்கவும் அரசே முன்வர வேண்டியிருந்தது. அந்த அம்மாவின் காதுப்பூவை வாங்காமல் வந்தீர்களே, அது சரியான காரியம். ஆனால் அடுத்த மாதமே, ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் நின்றுவிடுவது உங்களையும் அந்த வீட்டில் இருக்கும் நான்கு பேரையும் இன்னொரு குழிக்குள் தள்ளிவிடும்.

ஒப்பந்தமும் சான்றிதழும்

பயிற்சி ஒப்பந்தத்தை மீறுவது குற்றம் ஆகாது. கம்பனிக்கு நட்டம் என்றால் குடியியல் வழக்குப் போட்டு, பயிற்சிக்கு உண்மையில் செலவானதைக் காட்டி, நியாயமான தொகையைக் கேட்கலாம். அதற்காகப் பொலிஸ் உங்களைக் கைது செய்ய முடியாது. ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் போட்டிருக்கிறது என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் பயிற்சி 2019 இல் நடந்தது. இப்படியான ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடங்களுக்குத்தான் எழுதப்படும். உங்களுடையது எப்போதோ முடிந்திருக்கவும் கூடும். முடிந்துபோன ஒன்றைக் காட்டி மனேஜர் வெருட்டுகிறார் என்றால் அது வெறும் வாய்ப்பேச்சு.

மூலச் சான்றிதழ்களைத் தடுத்து வைக்கத் தொழில் தருநருக்கு உரிமை இல்லை. விலகும்போது எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம், பொலிஸிலும் செய்யலாம். இதற்கிடையில் உங்கள் கழுத்து அந்தக் காகிதங்களில் மாட்டியிருக்கவில்லை. பரீட்சைத் திணைக்களம் சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளுக்கு உறுதிப்படுத்திய சான்றிதழ் வழங்குகிறது, இணையத்தில் விண்ணப்பித்தே பெறலாம். அதை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பக்கத்தில் எழுதியது

“இரண்டு தரம் ஒரு குழுவின்ர காசை இன்னொரு குழுவின்ர தவணைக்குப் போட்டுவிட்டுச் சம்பளம் வந்ததும் சரிக்கட்டினேன். வேறு நாட்களில என்ர கைக்காசையும் போட்டிருக்கிறேன். அதில கிட்டத்தட்ட 40,000 எனக்குத் திரும்பி வர வேண்டும்.”

போகிற போக்கில் இதை எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் என்னைக் கலங்க வைத்த இடம் இதுதான். ஒரு சதமும் நீங்கள் எடுக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். டார்கெட் நெருக்கும்போது வசூலுக்குப் போகும் பையன்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பற்றுச்சீட்டில் ஒரு பெயர், கணக்கில் இன்னொரு பெயர் என்று இருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கையாடல்போலத்தான் தெரியும். ஊழியர் ஒருவர் தன்னிடம் நம்பி ஒப்படைத்த காசில் கை வைப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி நம்பிக்கை மோசடி. ஒப்பந்தத்துக்காக வராத பொலிஸ் இதற்கு வரும். மோசடி, கையாடல் ஆகிய காரணங்களுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவரின் பணிக்கொடையை, ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குப் பிடித்து வைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். சம்பளத்துக்கு அடுத்த நாள் போனை நிறுத்திவிட்டு நின்றுவிடுகிறீர்கள். ரிசீட் புத்தகம் உங்கள் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள். கிளையில் உங்கள் குழுக்களின் நிலுவையைப் பார்க்கிறார்கள். எந்தக் குழுவிலாவது 3,000 ரூபாய் இடித்தாலும், “காசை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்” என்று சொல்ல அது போதும். பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

ஆகவே இன்றிலிருந்து ஒரு குழுவின் காசை இன்னொன்றுக்குத் தொடவே வேண்டாம். வசூல் குறைந்தால் குறைந்தபடி எழுதுங்கள், திட்டு வாங்குவது பரவாயில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் போகும்போது உறுப்பினரின் பாஸ்புத்தகத்தையும் உங்கள் பற்றுச்சீட்டு அடிக்கட்டையையும் கம்பனிக் கணக்கையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் இப்போதே தீருங்கள். ஏதாவது ஒன்று தீராமல் நின்றால், அதை யாருக்கும் வட்ஸ்அப்பில் எழுத முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தருகிறது, மட்டக்களப்பிலும் அதற்கு நிலையம் உண்டு. நீங்கள் கைக்காசாகப் போட்ட 40,000 கம்பனியிடமிருந்து கிடைக்காது. உறுப்பினர்களின் பெயரில் ரிசீட் எழுதிக் கட்டிய காசு அது. அந்தப் பெண்களிடம் போய் அதைக் கேட்கும் மனமும் உங்களுக்கு வராது. விட்டுவிடுங்கள்.

கைக்கு வருவது எவ்வளவு

பணிக்கொடை முதலில். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட தொழில் தருநரிடம் 5 வருடம் தொடர்ந்து வேலை செய்த எவருக்கும் அது உரியது. வேலையை நீங்களாக விட்டாலும் உரியது. உங்கள் கிளையில் ஒன்பது பேர்தானே என்று யோசிக்க வேண்டாம், கணக்கு முழுக் கம்பனிக்கும். மாதச் சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். பயணப்படி அதில் சேராது. உங்கள் கணக்கில் அரை மாதம் என்பது 24,000. இப்போது விட்டால் பூர்த்தியானது 7 வருடம்தான்: 168,000. மீதி 8 மாதத்துக்கு ஒன்றும் கிடையாது. இன்னும் நான்கு மாதம் இருந்து, மார்ச்சில் 8 வருடம் முடித்து விலகினால் 192,000. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் இதைத் தர வேண்டும். தாமதித்தால் தாமதத்தின் அளவைப் பொறுத்து 10 வீதத்திலிருந்து 30 வீதம் வரை கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

ஈபிஎப் உடனே வராது. உங்கள் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேர்ந்த அந்தக் காசு ஆண்களுக்கு 55 வயதில்தான் கிடைக்கும். நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போவது, நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்வது, ஓய்வூதியமுள்ள அரச வேலையில் சேர்வது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 வீதம் எடுக்கும் ஏற்பாட்டுக்குக்கூட 10 வருடப் பங்களிப்பு வேண்டும். அந்தக் காசை உங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

நீங்கள் குறிப்பிடாத ஈரிஎப் ஒன்று இருக்கிறது. கம்பனி மட்டும் 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. வேலையை விட்டதும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஒரு தடவை எடுத்தால் அடுத்த தடவைக்கு 5 வருடம் காத்திருக்க வேண்டும். இன்றைய சம்பளத்துக்கு மாதம் 1,440 ரூபாய் அதில் சேர்கிறது. ஆரம்ப வருடங்களில் குறைவாக இருந்திருக்கும் என்பதால் ஒரு இலட்சத்துக்குச் சற்று முன்பின்னாக எதிர்பார்க்கலாம். இவை எல்லாம் உண்மையில் கட்டப்பட்டிருக்கின்றனவா என்பதை இப்போதே பாருங்கள். உங்கள் பி கார்டையும் (ஈபிஎப் உறுப்பினர் அட்டை) அரைவருடக் கூற்றுகளையும் எடுத்து மாதம் மாதமாகச் சரிபாருங்கள். இடைவெளி இருந்தால் மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள்.

வேலை இல்லாதவருக்கு மாதாமாதம் காசு தரும் காப்புறுதி நம் நாட்டில் இல்லை. மாதச் செலவு 60,500, மனைவியின் வருமானம் 9,000. மீதி 51,500 ஐ சேமிப்பிலிருந்து எடுத்தால் 85,000 இரண்டு மாதத்துக்கும் காணாது. இப்போது கார்த்திகை. மழைக்குள் படுவான்கரைப் பாதைகள் மூடும் காலத்தில் இந்தப் பக்கம் எவரும் புதிதாக ஆள் எடுப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

மார்ச் என்று நான் சொல்வதற்கு 24,000 ரூபாய் மட்டும் காரணம் இல்லை. மாரி வேளாண்மை வெட்டி முடிந்து கையில் காசு புழங்கும் காலம் அது. உங்கள் குழுக்களின் நிலுவை வருடத்திலேயே குறைவாக இருக்கும் காலமும் அதுதான். அப்போது கணக்கைக் கையளித்தால் இழுபறி குறையும்.

கல்முனையில் மச்சான் முறையானவர் ஒருவரின் விவசாய மருந்துக் கடைக்குக் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார்கள், 35,000 தருவார்கள், ஆனால் கௌரவக் குறைவு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். நான் தள்ள மாட்டேன். 35,000 உம் 9,000 உம் சேர்த்தால் 44,000. மாதம் 16,500 துண்டு விழும். அந்தத் துண்டைப் பணிக்கொடை 192,000 கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கு மூடும். அந்த ஒரு வருடத்தில் நிம்மதியாக வேறு வேலை தேடலாம். உறவினர் கடைதானே என்று வாய்ப்பேச்சில் சேராமல், நியமனக் கடிதமும் ஈபிஎப்பும் கேட்டு வாங்குங்கள். மார்ச் வரை இடத்தை வைத்திருப்பாரா என்று இப்போதே போய்ப் பேசுங்கள்.

கட்டாருக்கு வேலைக்குப் போகலாம் என்ற பேச்சும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நான்கு இலட்சம் கேட்கும் அந்த முகவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே விசாரியுங்கள். “விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம்” என்று சொன்னால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் சொல்வது

வங்கிக் கடனுக்கு உங்கள் மனைவி பிணை நின்றிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் கட்டாத தவணையை வங்கி அவரிடம் கேட்கும். சட்டப்படியே அவர் இந்த முடிவில் பங்காளி. “அவ பயந்துடுவா” என்பது சொல்லாமல் இருக்கக் காரணம் ஆகாது. தவணை தவறி வங்கிக்காரர் வாசலுக்கு வந்து அவர் அறிந்துகொள்வதுதான் பயங்கரம். அப்படி அறிந்த வீடுகளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். இந்தக் கிழமையே, பிள்ளைகள் படுத்த பிறகு, மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி அவருக்கு முன்னால் வையுங்கள்.

கடை போட வீட்டு உறுதியை ஈடு வைக்கும் யோசனையை அடியோடு விடுங்கள். அது மாமி மகளுக்கு எழுதிக் கொடுத்த சீதன வீடு. மாமியும் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறார். வருமானம் நிச்சயமில்லாத வருடத்தில் அந்த உறுதி அலுமாரியை விட்டு வெளியே வரக்கூடாது.

வங்கிக்கும் லீசிங் கம்பனிக்கும் சம்பளம் நிற்கும் முன்னரே போங்கள். தவணை பிந்தாத கணக்கோடு வந்து, “இன்ன மாதத்திலிருந்து வருமானம் குறையும், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தாருங்கள்” என்று கேட்பவரையும், மூன்று மாதம் போன் எடுக்காதவரையும் நீங்கள் எப்படி நடத்தினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். மேசைக்கு மறுபக்கம் இருந்த அனுபவம் உங்களுக்கு இப்போது உதவும்.

அந்த நான்கு மாதத்தை எப்படிக் கழிப்பது

நித்திரையின்மையும் பிள்ளையிடம் கை நீளுவதும் நான் சட்டம் பேசித் தீர்க்கக்கூடியவை அல்ல. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ போங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் 1926 க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலவச இலக்கம், தமிழிலும் பேசலாம். வைத்தியர் இந்த வேலையை உடனே விடச் சொன்னால் என்னுடைய மார்ச் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 24,000 ரூபாய்க்காக உங்களையோ பிள்ளையையோ பணயம் வைக்கத் தேவையில்லை. அப்போதும் எழுத்தில் அறிவித்து, கணக்கைக் கையளித்துவிட்டு விலகுங்கள்.

1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் தருகிறது. மீதி இருப்பதை எடுங்கள். கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஞாயிறு வேலையும், உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாத சம்பள வெட்டும் முறைப்பாடு செய்யக்கூடியவை. வேலையில் இருந்துகொண்டு செய்வதா, விலகிய பிறகா என்பது உங்கள் மனத்தெம்பைப் பொறுத்தது. இப்போதைக்குச் சம்பளத் துண்டுகளையும் வட்ஸ்அப் செய்திகளின் படங்களையும் வேறொரு இடத்தில் சேமித்து வையுங்கள். மனேஜர் ஒருநாள் “இதில் கையெழுத்துப் போடு” என்று தானே எழுதிய இராஜினாமாவை நீட்டினால் போடாதீர்கள். வற்புறுத்தி வாங்கிய இராஜினாமாவை வேலைநீக்கம் என்று தொழில் நியாய சபையில் வாதாடலாம். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும், விண்ணப்பிக்கக் காலக்கெடுவும் உண்டு.

நியமனக் கடிதத்தில் முன்னறிவித்தல் ஒரு மாதமா என்று பாருங்கள். ஒரு மாதமானால், 8 வருடம் பூர்த்தியாகும் திகதிக்கு இரண்டொரு நாள் பிந்தி விலகல் அமுலுக்கு வரும்படி, அதற்கு ஒரு மாதம் முன்னர் கடிதம் கொடுங்கள். கோபம் எதையும் அதில் எழுத வேண்டாம். இவ்வளவு போதும்:

“இன்ன திகதி முதல் எனது பதவியிலிருந்து விலகுகிறேன். நியமனக் கடிதத்தின்படியான முன்னறிவித்தலை இத்தால் தருகிறேன். என்னிடமுள்ள ரிசீட் புத்தகங்கள், வசூல் பட்டியல்கள், காசு ஆகியவற்றைக் கையளிப்பதற்கு ஒரு நாளைக் குறித்துத் தரவும். எனது மூலச் சான்றிதழ்கள், சேவைச் சான்றிதழ், பணிக்கொடை, எடுக்காத விடுமுறைக்கான கொடுப்பனவு ஆகியவற்றைத் தந்துதவவும்.”

ஒரு பிரதியைக் கிளையில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்றைக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். கையளிக்கும் நாளன்று ஒவ்வொரு ரிசீட் புத்தகத்தின் தொடக்க இலக்கமும் முடிவு இலக்கமும், ஒவ்வொரு குழுவின் நிலுவையும் எழுதிய பட்டியலில் பொறுப்பேற்பவரின் கையெழுத்தும் கிளையின் முத்திரையும் இல்லாமல் வெளியே வராதீர்கள். அன்றைக்கு மனேஜர் லீவு என்றால் அடுத்த நாளும் போங்கள்.